நோயாளருடனான நேர்காணலில் தாதியின் தொடர்பாடல் திறன்கள்



ஆளிடைத் தொடர்பாடல் என்ற பகுதியைப் படிக்கும்போது அனுப்புநர், செய்தி, வழி, பெறுநர், பின்னூட்டல், தடை ஆகிய சொற்களை மனனம் செய்து வைத்திருப்பீர்கள். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து "இதில் தொடர்பாடல் எங்கே பிழைத்தது?" என்று வினவினால் பலர் தடுமாறுகின்றனர். வரைவிலக்கணம் தெரிந்திருந்தும் பிரயோகிக்கத் தெரியாததே இதற்குக் காரணமாகும். எனவே இப்பாடத்தில் ஒரேயொரு சந்தர்ப்பத்தை எடுத்து முழுமையாக ஆராய்வோம். வைத்தியசாலை விடுதியில் தாதி உத்தியோகத்தர் ஒருவர் நோயாளரிடம் தகவல் பெறும் நேர்காணலே அச்சந்தர்ப்பம்.

உங்களில் சிலர் பிற்காலத்தில் தாதியர் பயிற்சிக்குச் செல்லக்கூடும். ஏனையோரும் ஒரு நாள் நோயாளராகவோ நோயாளருடன் துணைக்குச் செல்பவராகவோ அந்தக் கட்டிலருகில் இருக்கவே போகின்றீர்கள். ஆகவே இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடம் அன்று.

1. நோயாளர் நேர்காணல் என்றால் என்ன?

நோயாளரின் உடல்நிலை, நோய் தொடங்கிய விதம், முன்னைய நோய்கள், உட்கொண்ட மருந்துகள், ஒவ்வாமை, வீட்டுச் சூழல் முதலியவற்றை அறியும் நோக்குடன் தாதி திட்டமிட்டு நடத்தும் உரையாடலே நோயாளர் நேர்காணல் எனப்படும். சாதாரண கதைபேச்சிலிருந்து இது மூன்று வகையில் வேறுபடுகின்றது.

(அ) இதற்குத் தெளிவான நோக்கம் உண்டு.
(ஆ) குறுகிய நேரத்துள் முடிக்கப்பட வேண்டும்.
(இ) பெறப்படும் தகவல் எழுத்தில் பதியப்பட்டு, வைத்தியருக்கும் அடுத்த கடமை நேரத் தாதிக்கும் கையளிக்கப்படும்.

மூன்றாவது அம்சத்தைக் கவனியுங்கள். நேர்காணலில் விடுபட்ட தகவல் பதிவேட்டிலும் இராது. பதிவேட்டில் இல்லாததை அடுத்து வருபவர் அறிய வழியில்லை. ஒரு கேள்வியில் ஏற்படும் சிறு தவறு இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செல்கின்றது.

இரத்த அமுக்கத்தையும் உடல் வெப்பநிலையையும் கருவிகளால் அளக்கலாம். நோ, ஓங்காளம், அலுப்பு, பயம் ஆகியவற்றை அளக்கக் கருவி இல்லை. அவற்றை நோயாளரின் வாயிலிருந்தே அறியவேண்டும்.

2. ஒரே நோயாளர், இரண்டு நேர்காணல்கள்

பின்வரும் இரு உரையாடல்களும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. நோயாளர் 42 வயதான மேசன் தொழிலாளி. நாட்கூலி பெறுபவர். ஞாயிறு பின்னேரம் தொடங்கிய காய்ச்சலுக்காகப் புதன்கிழமை மனைவியின் வற்புறுத்தலால் யாழ்ப்பாணப் பகுதி வைத்தியசாலை ஒன்றுக்கு வந்து விடுதியில் அனுமதிக்கப்பட்டுள்ளார். நேரம் நண்பகல் 12 மணி.

உரையாடல் 1

தாதி: (பதிவேட்டைப் பார்த்தபடி, நின்றுகொண்டு) காய்ச்சல் விட்டிட்டுதுதானே?
நோயாளர்: ஓம் மிஸ்.
தாதி: சாப்பாடு, தண்ணி எல்லாம் ஒழுங்காப் போகுதோ?
நோயாளர்: ஓம்.
தாதி: மருந்து ஒண்டும் எடுக்கேல்லையே?
நோயாளர்: இல்லை.
தாதி: வேறை பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?
நோயாளர்: இல்லை மிஸ்.

உரையாடல் 2

தாதி: வணக்கம் அண்ணை. நான் இந்த விடுதியிலை வேலை செய்யிற நேர்ஸ். உங்கடை வருத்தத்தைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் கதைக்கவேணும். இப்ப கதைக்க ஏலுமோ?
நோயாளர்: ஓம் மிஸ், கேளுங்கோ.
தாதி: (கதிரையை இழுத்து அருகில் அமர்ந்து) உங்களுக்கு என்ன செய்யுது? தொடங்கின நாளிலை இருந்து சொல்லுங்கோ.
நோயாளர்: ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்ல காய்ச்சல். கண்ணுக்குப் பின்னாலை நோ. உடம்பெல்லாம் அடிச்சு முறிச்சுப் போட்ட மாதிரி. இண்டைக்குக் காலமை காய்ச்சல் விட்டிட்டுது. மனுசிதான் கேளாமல் கூட்டிக்கொண்டு வந்தவ. நாளைக்கு வேலைக்குப் போகவேணும்.
தாதி: காய்ச்சல் விட்ட பிறகு உடம்பு எப்பிடி இருக்குது?
நோயாளர்: (சிறிது மௌனம்) காய்ச்சல் இல்லை. ஆனா... ஒரே அலுப்பாக் கிடக்கு. (வயிற்றைத் தடவுகிறார்)
தாதி: வயித்திலை கையை வைச்சிருக்கிறீங்கள். அதிலை என்ன செய்யுது?
நோயாளர்: விடிய இருந்து ஒரு நோ. காஸாக்கும் எண்டு விட்டிட்டன்.
தாதி: சாப்பிட்டது, குடிச்சது எல்லாம் வயித்திலை தங்குதோ, எப்பிடி?
நோயாளர்: இல்லை மிஸ். மூண்டு தரம் சத்தி எடுத்திட்டன்.
தாதி: கடைசியாச் சலம் போனது எத்தினை மணிக்கு?
நோயாளர்: விடிய ஆறு மணி இருக்கும். பிறகு போகேல்லை.
தாதி: காய்ச்சலுக்கு வீட்டிலை என்னென்ன எடுத்தனீங்கள்? பனடோல், கடையிலை வாங்கின குளிசை, கைமருந்து, கசாயம் எல்லாத்தையும் சொல்லுங்கோ. நான் ஏசமாட்டன்.
நோயாளர்: பனடோல் போட்டனான். கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சனான். உடம்பு நோவுக்குப் பார்மசியிலை ஒரு குளிசை தந்தவை, நேற்று ரெண்டு போட்டனான். பேர் தெரியாது. மட்டை சேட் பொக்கற்றுக்கை கிடக்கு.
தாதி: அதை ஒருக்காக் காட்டுங்கோ. சரி அண்ணை, நான் விளங்கிக்கொண்டது சரியோ எண்டு பாருங்கோ. ஞாயிறு பின்னேரம் காய்ச்சல் தொடங்கினது, இண்டைக்குக் காலமை விட்டது. விடிய இருந்து வயித்துநோ, மூண்டு தரம் சத்தி. ஆறு மணிக்குப் பிறகு சலம் போகேல்லை. நேற்று இந்தக் குளிசை ரெண்டு. வேறை ஏதும் விட்டிட்டனோ?
நோயாளர்: இல்லை மிஸ், அதுதான்.
தாதி: சொன்னது நல்லதாப் போச்சு. இதை இப்பவே டொக்டருக்குச் சொல்லப் போறன். அதுக்கிடையிலை தனிய எழும்பி நடக்காதேங்கோ. நோ கூடினாலோ, எங்கையும் இரத்தம் கண்டாலோ உடனை கூப்பிடுங்கோ.

3. இவ்விரு உரையாடல்களுக்கும் இடையில் நிற்பது என்ன?

நோயாளர் இரண்டிலும் ஒருவரே. முதலாவதில் அவர் பொய்சொல்ல எண்ணவில்லை. கேட்கப்பட்ட கேள்விகளுக்கு ஏற்ற விடைகளையே கொடுத்தார். அவ்வாறிருந்தும் முதலாவது நேர்காணலின்படி அவர் வீடு செல்லக்கூடிய மனிதர், இரண்டாவதின்படி உடனடியாக வைத்தியர் பார்க்கவேண்டிய நோயாளர்.

இதனை விளங்கிக்கொள்ள டெங்குக் காய்ச்சல் பற்றிய சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். இந்நோயில் காய்ச்சல் குறையும் காலம் எல்லோருக்கும் சுகமடையும் காலமாக அமைவதில்லை. பொதுவாக 3 ஆம் நாளுக்கும் 7 ஆம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும் வேளையில் சிலருக்குக் குருதித் திரவவிழையம் குருதிக் குழாய்களிலிருந்து வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும் இக்கட்டமே ஆபத்தானது. கடும் வயிற்றுநோ, தொடர்ச்சியான சத்தி, மிகுந்த சோர்வு, இரத்தக்கசிவு என்பன எச்சரிக்கை அறிகுறிகளாகும். சலம் குறைவாகப் போவதும் உடனே கவனிக்க வேண்டிய விடயமாகும். அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற நோநிவாரணிகள் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால் டெங்கு சந்தேகிக்கப்படும்போது தவிர்க்கப்படுகின்றன. பெயர் தெரியாத அந்தக் குளிசை இவற்றுள் ஒன்றா என்பதை அறிய மட்டையைப் பார்த்தேயாக வேண்டும்.

இப்போது முதலாவது உரையாடலை மீண்டும் வாசியுங்கள். "காய்ச்சல் விட்டிட்டுதுதானே?" என்ற கேள்வி, ஆபத்து தொடங்கக்கூடிய வேளையை நற்செய்தியாக மாற்றிவிட்டது. "மருந்து ஒண்டும் எடுக்கேல்லையே?" என்றபோது, வைத்தியர் எழுதித் தருவதே மருந்து என நினைத்த அவர் "இல்லை" என்றார். கடையில் வாங்கிய குளிசை அவருடைய கணக்கில் மருந்தாக வரவில்லை. "வேறை பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" என்பது, நாளைக்கு வேலைக்குப் போக நினைக்கும் ஒருவருக்குத் தப்பிச்செல்லத் திறந்துவிட்ட கதவாகும்.

ஞாபகத்தில் வைத்திருங்கள்: கேள்வியின் வடிவம் விடையின் தரத்தைத் தீர்மானிக்கின்றது. இப்பாடத்தின் மையக்கருத்து இதுவே.

4. வினாக்களின் வகைகள்

(அ) திறந்த வினா: நோயாளர் தமது சொற்களில் விவரிக்க இடமளிப்பது. உ-ம்: "உங்களுக்கு என்ன செய்யுது?" நேர்காணலின் தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது.

(ஆ) மூடிய வினா: "ஓம்", "இல்லை" என்றோ ஒரு சொல்லிலோ எண்ணிலோ விடை தரக்கூடியது. உ-ம்: "கடைசியாச் சலம் போனது எத்தினை மணிக்கு?" திட்டவட்டமான தகவலுக்கும், பேசச் சிரமப்படும் நோயாளருக்கும், அவசர வேளைக்கும் உகந்தது.

(இ) துருவும் வினா: சொல்லப்பட்ட ஒன்றை மேலும் தெளிவாக்குவது. உ-ம்: "அதிலை என்ன செய்யுது?"

(ஈ) வழிப்படுத்தும் வினா: எதிர்பார்க்கும் விடையைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பது. தமிழில் "தானே", "இல்லையே" என்ற முடிவுகள் இதன் அடையாளமாகும். நோயாளர் நேர்காணலில் தவிர்க்க வேண்டியது இதுவே.

மூடிய வினா பிழையானது என்று சில மாணவர்கள் எழுதுகின்றனர். அது சரியன்று. இரண்டாவது உரையாடலில் மிக முக்கியமான ஒரு தகவலைத் தந்தது மூடிய வினாவே. திறந்த வினாவில் தொடங்கி, துருவும் வினாவால் ஆழமாக்கி, மூடிய வினாவால் உறுதிப்படுத்துவதே முறையாகும். அகன்ற வாயில் தொடங்கிப் படிப்படியாக ஒடுங்குவதால் இதனைப் புனல் முறை என்பர்.

இது புதிய கருத்தன்று. நவீன தாதியியலின் முன்னோடியான புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859 இல் வெளியிட்ட தாதியியல் பற்றிய நூலில், நோயாளரைப் பற்றி வழிப்படுத்தும் வினாக்களைக் கேட்பதனால் தவறான தகவலே கிடைக்கும் என்று எச்சரித்துள்ளார். இரவு நல்ல நித்திரையா என வினவுவதிலும், எத்தனை மணித்தியாலம், இரவின் எந்த நேரங்களில் நித்திரை கொண்டார் என வினவுவதே பயனுள்ளது என்பது அவரது விளக்கம். "நல்ல" என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் அளவு உண்டல்லவா?

நோவைப் பற்றி வினவும்போது பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

• எங்கே? (விரலால் தொட்டுக் காட்டச் சொல்லவும்)
• எப்போது தொடங்கியது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
• எப்படிப்பட்டது? (குத்துவதா, எரிவா, இறுக்கமா, விட்டுவிட்டு வருவதா)
• வேறு இடத்துக்குப் பரவுகின்றதா?
• எதனால் கூடுகின்றது, எதனால் குறைகின்றது?
• எவ்வளவு? (0 முதல் 10 வரை)

0 என்பது நோ இல்லை, 10 என்பது தாங்க முடியாத நோ எனக் கொள்ளப்படும். சிறு பிள்ளைகளுக்குச் சிரித்த முகத்திலிருந்து அழும் முகம் வரையுள்ள படங்களைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வதும் உண்டு.

5. செவிமடுத்தல்

கேட்டல் என்பது காதின் தொழில். செவிமடுத்தல் மனதின் தொழில். ஐக்கிய அமெரிக்காவில் ஹோவார்ட் பெக்மன், ரிச்சர்ட் பிராங்கெல் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளர் தமது பிரச்சினையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கன்களில் வைத்தியர்கள் குறுக்கிட்டமை கண்டறியப்பட்டது. அது வைத்தியர்களைப் பற்றிய ஆய்வாயினும் தாதியருக்கும் படிப்பினை உண்டு. நோயாளர் முதலில் சொல்வது அவருக்கு எளிதில் சொல்லக்கூடியதையே. சொல்லக் கூச்சமானதும் பயமானதும் பின்னரே வரும். 18 செக்கன்களில் குறுக்கிட்டால் அது வராமலே போகலாம்.

சிறந்த செவிமடுத்தலின் அம்சங்கள் வருமாறு.

1. குறுக்கிடாதிருத்தல்.
2. "ம்", "சொல்லுங்கோ" என ஊக்குவித்தல்.
3. மௌனத்துக்கு இடமளித்தல். "ஆனா..." என்று நோயாளர் நிறுத்திய இடத்தில் தாதி அவசரப்பட்டு அடுத்த வினாவுக்குத் தாவியிருந்தால் அலுப்பும் வயிற்றுநோவும் வெளிவந்திரா.
4. மீளக் கூறல். கேட்டதைத் தொகுத்துச் சொல்லிச் சரிபார்த்தல். இதுவே தாதி தரும் பின்னூட்டலாகும். பிழையிருந்தால் திருத்த நோயாளருக்கு இது கடைசிச் சந்தர்ப்பம்.
5. நோயாளரின் சொற்களிலேயே பதிதல். "காஸாக்கும் என நினைத்தார்" என்று எழுதுவது வேறு, "வாயுத் தொல்லை" என்று தாமே நோயைத் தீர்மானித்து எழுதுவது வேறு.

6. ஒத்துணர்வும் அனுதாபமும்

அனுதாபம் என்பது பிறர் துன்பத்துக்காக இரங்குதல். ஒத்துணர்வு என்பது அவரது நிலையில் நின்று அவர் உணர்வதை விளங்கி, விளங்கியதை அவருக்குத் தெரியப்படுத்தல். உ-ம்: "வேலைக்குப் போகாட்டி வீட்டுச் செலவுக்கு என்ன செய்யிறது எண்டு யோசிக்கிறீங்கள் போலை." இவ்வாறு கேட்டவுடன் நோயாளரின் பிடிவாதம் தளர்ந்துவிடும்.

"ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ" என்பது அன்பான சொல்லாகத் தோன்றினும் பல வேளைகளில் அது உரையாடலை மூடிவிடும். பயத்தைச் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார். காரணமறியாது கூறும் ஆறுதல் மொழிகளைக் கண்டித்து நைற்றிங்கேலும் தமது நூலில் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளார். "என்ன நினைச்சுப் பயப்பிடுறீங்கள்?" என வினவுவதே மேலானது.

7. வாய்மொழிசாராத் தொடர்பாடல்

இரண்டாவது உரையாடலில் திருப்பத்தை ஏற்படுத்தியது நோயாளரின் கை. அவர் வாய் சொல்லாததைக் கை சொன்னது. தாதி பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதனைக் கண்டிருக்க மாட்டார். அவதானிக்க வேண்டியவை: முகபாவம், கண்கள், குரலின் தளர்வு, கைகளின் இருப்பு, படுத்திருக்கும் விதம், மூச்சுவிடும் விதம்.

தாதியின் உடல்மொழியும் செய்தி அனுப்புகின்றது. நின்றபடி, ஒரு காலை வாசற்பக்கம் வைத்துக் கேட்பவர் "எனக்கு நேரமில்லை" என்று சொல்லாமற் சொல்கின்றார். எட்வேட் ஹோல் என்ற மானிடவியலாளர் 1966 இல் வெளியிட்ட நூலில் மனிதர் பேணும் இடைவெளிகளை வகைப்படுத்தினார். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்கு உட்பட்டது நெருக்கமான வெளி, அதிலிருந்து 1.2 மீற்றர் வரையானது தனிப்பட்ட வெளி. இவை அமெரிக்கரை அவதானித்துக் கூறப்பட்டவை, பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும். தாதி நாடித்துடிப்பைப் பார்க்கவோ காயத்துக்கு மருந்து கட்டவோ நெருக்கமான வெளிக்குள் செல்லவேண்டியிருக்கும். அப்போது "கையைப் பிடிச்சுப் பார்க்கப் போறன்" என முற்கூட்டியே கூறி அனுமதி பெறுவது அவசியம்.

குறிப்பு: "தொடர்பாடலில் 7 சதவீதமே சொற்கள், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் உடல்மொழி" என்று பல குறிப்புப் புத்தகங்களில் காணப்படும். அல்பேட் மெஹ்ராபியன் 1967 இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து இவ்வெண்கள் பெறப்பட்டன. விருப்பு, வெறுப்பு போன்ற உணர்வைச் சொல்லும் குரலும் முகமும் முரண்படும் நிலைமை பற்றியனவே அவ்வாய்வுகள். எல்லாத் தொடர்பாடலுக்கும் இதனைப் பொருத்தி எழுதாதீர்கள். "சலம் போகேல்லை" என்ற செய்தியில் சொற்களே முக்கியமானவை.

8. தொடர்பாடல் தடைகள்

(அ) பௌதிகத் தடைகள்: விடுதி இரைச்சல், பார்வையாளர் நேர நெரிசல், மின்விசிறிச் சத்தம், இடைவெளியின்றிப் போடப்பட்ட கட்டில்கள்.

(ஆ) உடலியல் தடைகள்: நோ, களைப்பு, காதுகேளாமை, மூச்சுத்திணறல். கடும் நோவுள்ளவரிடம் நீண்ட நேர்காணல் நடத்தலாகாது. அவசியமானவற்றை மட்டும் கேட்டு, ஏனையவற்றைப் பின்னர் கேட்கவேண்டும்.

(இ) உளவியல் தடைகள்: பயம், வெட்கம், ஏச்சு விழும் என்ற எண்ணம். "நான் ஏசமாட்டன்" என்ற ஒரு சொல் இத்தடையை நீக்கியதை அவதானித்தீர்களா?

(ஈ) சொற்பொருள் தடைகள்: ஒரே சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் விளங்கிக்கொள்ளல். "மருந்து" என்ற சொல்லை மேலே கண்டோம். "தலைச்சுத்து" என்பவர் சுற்றுப்புறம் சுழல்வதைக் கூறலாம், கண் இருண்டு விழப்பார்த்ததையும் கூறலாம். "நெஞ்சு நோ" என்பவர் மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். மறுபுறத்தில் தாதி "ஒவ்வாமை உண்டா?" எனக் கேட்டால் பலருக்கு விளங்காது. "ஏதும் மருந்தோ சாப்பாடோ எடுத்து உடம்பு தடிச்சது, கடிச்சது, மூச்சு முட்டினது உண்டோ?" என்று கேட்டால் விளங்கும்.

(உ) மொழித் தடை: சிங்களம் மட்டும் பேசும் தாதியும் தமிழ் மட்டும் பேசும் நோயாளரும், அல்லது மறுதலையாக, சந்திக்கும் நிலை எமது நாட்டில் சாதாரணமானது. 1987 இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும் சட்டத்தில் உள்ள உரிமை கட்டிலருகே கிடைப்பதற்கு மொழி தெரிந்த ஒருவர் தேவை. இவ்வேளைகளில் நோயாளரின் பிள்ளையை மொழிபெயர்க்கவிடுவது வழக்கமாயினும் அது பொருத்தமற்றது. தாய் தனது மாதவிடாய் பற்றியோ தகப்பன் தனது குடிப்பழக்கம் பற்றியோ பிள்ளையின் வாயால் சொல்வாரா? இயன்றவரை இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தரின் உதவியைப் பெறவேண்டும். அப்போதும் தாதி மொழிபெயர்ப்பவரைப் பாராது நோயாளரின் முகத்தைப் பார்த்தே பேசவேண்டும்.

9. இரகசியம் பேணல்

நோயாளர் தாதியிடம் சொன்னது சிகிச்சைக்காகச் சொன்னது. சிகிச்சையில் பங்குகொள்வோர் தவிர வேறெவரும் அதனை அறியவேண்டியதில்லை. தனிப்பட்ட வினாக்களைக் கேட்குமுன் திரைச்சீலையை இழுத்துவிடல், குரலைத் தாழ்த்தல், உறவினரைச் சற்று வெளியே நிற்கும்படி பணிவாகக் கேட்டல், விடுதிக்கு வெளியே நோயாளரைப் பற்றிக் கதையாதிருத்தல் என்பன கடைப்பிடிக்க வேண்டியவை. இரகசியம் பேணப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் உண்மையான விடை வராது.

10. மாதிரி வினா விடைகள்

வினா 1: பின்வருவனவற்றைத் திறந்த வினாவாக மாற்றுக.
(i) "நித்திரை எல்லாம் நல்லந்தானே?"
(ii) "குளிசை ஒழுங்காப் போடுறனீங்கள்தானே?"
விடை:
(i) "இரவிலை நித்திரை எப்பிடி?"
(ii) "என்னென்ன குளிசை, எப்பிடி எப்பிடிப் போடுறனீங்கள் எண்டு சொல்லுங்கோ. இடையிலை விடுபடுறதும் உண்டுதான், அதையும் சொல்லுங்கோ."

வினா 2: உரையாடல் 1 இல் நோயாளர் தவறான தகவல் வழங்கியமைக்கு அவரே பொறுப்பாளி என ஒருவர் கூறுகின்றார். இக்கூற்றை ஆராய்க.
விடை: இக்கூற்றை ஏற்க முடியாது. தாதி வழிப்படுத்தும் வினாக்களையே பயன்படுத்தினார். "மருந்து" என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்தவில்லை. பதிவேட்டைப் பார்த்தபடி இருந்தமையால் வாய்மொழிசாராச் செய்திகளை அவதானிக்கவில்லை. மீளக் கூறிச் சரிபார்க்கவுமில்லை. வேலைக்குச் செல்லவேண்டிய தேவை நோயாளரிடம் இருந்தமை உண்மையாயினும், அதனை அறிந்து நேர்காணலை அமைக்கும் பொறுப்பு பயிற்சி பெற்றவரிடமே உள்ளது.

வினா 3: 70 வயதான ஆச்சி ஒருவரிடம் தாதி வினவும் வினாக்களுக்கெல்லாம் அருகில் நிற்கும் மகளே விடையளிக்கின்றார். தாதி செய்யவேண்டியவை மூன்று தருக.
விடை: (1) மகளுக்கு நன்றி கூறி, "ஆச்சி சொல்லுறதையும் ஒருக்காக் கேப்பம், பிறகு உங்களிட்டையும் கேக்கிறன்" எனல். (2) ஆச்சியின் முகத்துக்கு நேரே, கண்மட்டத்தில் அமர்ந்து, மெதுவாகவும் தெளிவாகவும் வினவுதல். (3) தனிப்பட்ட விடயங்களை மகள் இல்லாத வேளையில் கேட்டல்.

வினா 4: நேர்காணலின் முடிவில் தாதி பெற்ற தகவலைத் தொகுத்து நோயாளரிடமே கூறுவது,
(1) தடையாகும் (2) மீளக் கூறலாகும் (3) வழிப்படுத்தலாகும் (4) அனுதாபமாகும்
விடை: (2)

விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

• சம்பவம் தரப்பட்டால் அதிலுள்ள சொல்லையோ செயலையோ எடுத்துக்காட்டி எழுதுங்கள். "தொடர்பாடல் சரியில்லை" என்ற பொதுக்கூற்றுக்குப் புள்ளி கிடைப்பது அரிது.
• தடையைக் குறிப்பிட்டால் நீக்கும் வழியையும் சேர்த்து எழுதுங்கள்.
• "அன்பாகக் கதைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். முதலாவது உரையாடலிலும் தாதி கடிந்து பேசவில்லை. அன்பு மட்டும் தகவலைப் பெற்றுத் தராது, முறையான வினாவும் பொறுமையான செவியும் சேரவேண்டும்.

செயற்பாடு

வீட்டில் வயதான ஒருவரிடம் "மருந்தெல்லாம் எடுக்கிறனீங்கள்தானே?" என்று ஒரு நாள் கேளுங்கள். மறுநாள் குளிசைப் பெட்டியை அருகில் வைத்து, "இதுகளை எப்பிடிப் போடுறனீங்கள்? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். இரு விடைகளையும் எழுதி ஒப்பிடுங்கள். வேறுபாடு ஏதும் தென்பட்டால் அடுத்த கிளினிக் நாளில் அந்தக் குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவருடன் செல்லுங்கள். அங்குள்ள தாதி உத்தியோகத்தரிடம் நீங்கள் கண்டதை அப்படியே சொல்லுங்கள்.